நாற்பத்து மூன்று வீட்டு அசதி

நவமணி தன் ஏழாவது செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு வாய்க்கால் மேட்டில் இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டு, மூச்சு வாங்காமல், நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லாமல், இப்போதுதான் எழுந்து வருகிற ஆள் மாதிரி பட்டறை வாசலில் வந்து நின்ற செவ்வாய்க்கிழமை காலையில், ஊத்துப்பாளையத்தில் நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்கள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்கள். வாயில் பிரஷ்ஷோடு குளியலறைச் சுவரில் சாய்ந்தவர் சாய்ந்தபடியே இருந்தார், பால் காய்ச்சப் போனவள் பாலைப் பொங்கவிட்டு அடுப்பு மேடையிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள், தறிக்குடோன்களில் குறுக்கும் நெடுக்கும் ஓடி ஊடுநூல் போடுகிற நாடாவில் நூல் தீர்ந்து தறிகள் ஒவ்வொன்றாக நின்றன, நூல் மாற்ற எழுந்தவர் யாருமில்லை. தறிச் சத்தம் நின்றால் தொட்டில் பிள்ளைகூட விழித்துக்கொள்ளும் ஊர் அது. அன்றைக்குப் பிள்ளைகளும் விழிக்கவில்லை. எல்லோருக்கும் வலது காலில், முழங்காலுக்குக் கீழே, கெண்டைச்சதை கல்லாக இறுகிக் கிடந்தது. காய்ச்சல் என்றார்கள், குடிதண்ணீரில் ஏதோ கலந்துவிட்டது என்றார்கள். சுகாதார நர்ஸ் வந்து பத்துப் பேரின் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, ரொம்ப தூரம் ஓடினவர்களுக்குத்தான் இப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊரில் ஓடுகிற ஆள் ஒருத்திதான். அதனால் யாருக்கும் பெரிய ஆச்சரியம் ஒன்றும் ஏற்படவில்லை.

நவமணிக்கு முப்பத்தெட்டு வயது. பத்தொன்பதில் நூற்பாலை வேன் கவிழ்ந்து வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு மீதி போயிற்று. இலவச முகாமில் கொடுத்த செயற்கைக் கால் புண்ணாக்கியது. அந்தக் காலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தறிக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் மருதாசலத்தின் லேத் பட்டறைக்கு அவள் போனது, இந்த ஒரு போல்ட்டை மட்டும் மாற்றிக் கொடுங்கண்ணா என்று கேட்கத்தான். போல்ட்டை மாற்றக் கழற்றிய மனுஷன் காலையே மாற்றுகிற பைத்தியத்தில் விழுந்துவிட்டார். வெட்டுப்பட்ட காலை அந்தப் பட்டறையில் மிச்சக்கால் என்பார்கள், அது உட்காருகிற இடத்துக்குக் குவளை என்று பேர், குவளைக்குக் கீழே நாலு போல்ட்டில் மாட்டி, தரையில் பட்டு வளைந்து எழும்புகிற கார்பன் பட்டைக்குத் தகடு என்று பேர்.

"நடக்கறவங்க காலு பத்து வருசம் பொய் சொல்லும் அம்மணி. ஓடறவங்க காலு ஒரே மாசத்துல உண்மையக் கக்கிரும்" என்பார் மருதாசலம். ஆகவே அவள் ஓடினாள். ஓட்டம் பிடித்துப்போய் ஓடினாள் என்று பிற்பாடு பேப்பர்காரர்கள் எழுதியதெல்லாம் சும்மா. கால் எங்கே உடைகிறது என்று பார்ப்பதற்காக ஓடினாள், உடைத்துக்கொண்டு வந்து கொடுப்பதுதான் அவள் வேலையாக இருந்தது. முதல் காலில் போல்ட் அறுந்து மதகடியில் விழுந்தாள். இரண்டாவதில் தகடு பிளந்தது. மூன்றாவது மழையில் ஊறிப்போனது. நாலாவது உடையவே மாட்டேன் என்றது, மருதாசலத்துக்கு அதன்மேல் சந்தேகம் வந்து கரட்டுமேட்டுக் கல்லுப் பாதையில் ஓடச் சொல்லி உடைத்துப் பார்த்த பிறகுதான் நிம்மதியானார். ஐந்தாவதைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை. ஆறாவது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஓடி ஓடி மிச்சக்கால் இளைத்துப்போய்க் குவளை லூசாகிவிட்டது. இப்படியாக ஒன்பது வருஷம் போயிற்று.

ஏழாவதற்குக் குவளை செய்யும்போதுதான் அது நடந்தது. மிச்சக்காலைப் பிளாஸ்டர் மாவில் அச்செடுத்து, அச்சின் மேல் அடுக்கடுக்காக உறைத்துணி சுற்றி, பிசின் ஊற்றி இறுகவிட வேண்டும். வெளியூரிலிருந்து வரவேண்டிய உறைத்துணி லாரி ஸ்டிரைக்கில் மாட்டிக்கொண்டது. காடாத் துணி நெய்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு துணிக்குக் காத்திருப்பதா என்று மருதாசலத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு வீட்டில் மட்டும் வாங்கினால் அடுத்த வீட்டுக்காரருக்குக் கோபம் வரும் என்று, கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி தெருத் தெருவாகப் போய், நாற்பத்து மூன்று தறிவீட்டிலும் ஒவ்வொரு சாண் கேட்டு வாங்கினார். அவரவர் நெய்த துணியில் ஒரு சாணைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, மீதியை நல்ல காரியத்துக்குக் கொடுத்தது என்று மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். அந்த நாற்பத்து மூன்று வீட்டுக்குத்தான் நவமணியின் அசதி வந்தது.

முதல் வாரம் சண்டையில் போயிற்று. அடுத்த வாரம் வாய்க்கால் முறை பார்க்கிற சின்னராசுவைக் கூப்பிட்டு, இதற்கும் ஒரு முறை வைத்துவிடு என்றார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் இன்ன தோட்டத்துக்கு இன்ன மணி வரை என்று முப்பது வருஷமாகப் பிரித்துவிடுகிற மனுஷர், தண்ணீர் என்ன, அசதி என்ன, இரண்டுமே மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகிற சங்கதிதானே என்று நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டில் வைத்திருக்கிற மீதித் துணியை விரித்துப் படுத்தால் அசதி அந்த வீட்டுக்கு வரும், மடித்துப் பெட்டியில் வைத்தால் விரித்த வீட்டுக்குத் தாண்டிப் போய்விடும், எல்லோரும் மடித்து வைத்தால் எல்லோர் மேலும் விழும் என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். அதன் பிறகு ஒரு நாளைக்கு ஏழு வீடு என்று முறை ஓடியது. கடைமடை வீட்டுக்காரர்கள், எங்களுக்கு வந்து சேருகிறபோது வெறும் கொட்டாவிதான் மிச்சம் இருக்கிறது என்று குறைப்பட்டார்கள். தூக்க மாத்திரை போட்டுக்கொண்டிருந்த பள்ளிக்கூட வாத்தியார் வாரத்துக்கு இரண்டு முறை கேட்டு மனுக் கொடுத்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் வெற்றிலை பாக்கோடு வந்து, வியாழக்கிழமை மட்டும் ஓடாதே கண்ணு என்று நவமணியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். தறி ஓட்டுகிற பெண்களுக்கோ அதில் ஒரு சுகம் இருந்தது. பட்டப்பகலில் ஒரு பெண்பிள்ளை கால் நீட்டிப் படுத்திருந்தால், இன்றைக்கு எங்கள் முறை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம், மாமியார்கூட மேற்கொண்டு பேச முடியாது. கல்யாணமாகி வந்த இருபது வருஷத்தில் முதல் தடவையாகப் பகலில் படுத்தேன் என்று சொல்லி ஒருத்தி அழுதாள்.

ஆனால் எந்த முறையும் வைத்தபடி நிற்பதில்லை. அவசர ஆர்டர், மச்சினன் வீட்டு விசேஷம், வயிற்றுவலி என்று ஒவ்வொரு வீடும் தன் துணியைத் துளசிமணியிடம் கொடுத்து அன்றைய முறையைப் படுக்கச் சொல்ல ஆரம்பித்தது. துளசிமணி கூலிக்குத் தறி ஓட்டுகிறவள், அவள் வீடும் அந்த நாற்பத்து மூன்றில் ஒன்று, ஐம்பத்து நாலு வயது, தனிக்கட்டை. பதின்மூன்று வயதிலிருந்து நின்றுகொண்டே வேலை செய்தவள். யார் துணியோடு வந்தாலும், வெச்சுட்டுப் போங்க என்பாள், அசதி எனக்கென்ன புதுசா என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், அதனால் கொடுத்தவர்களுக்கு மனசு உறுத்தவில்லை.

துணிகள் துளசிமணியிடம் போவது நவமணிக்குத் தெரியாது. அவளுக்கு வேறு தொல்லை. ஏழாவது காலை மாட்டிய ஆறு மாதமாக அவளுக்கு அசதி என்பதே இல்லை, அசதி இல்லாததால் தூக்கமும் இல்லை. படுப்பாள், பக்கத்துக் குடோனில் தறிகள் அடிப்பதைக் கேட்டுக்கொண்டே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள், விடிந்தால் எழுந்து ஓடுவாள். உடம்பு புதுச் சைக்கிள் மாதிரி இருந்தது. மனசு மட்டும் ஓய்ந்து ஓய்ந்து, எதைப் பார்த்தாலும் போதும் போதும் என்று வந்தது. இன்றைக்கும் நேற்றைக்கும் நடுவே கோடு கிழிக்கத் தூக்கம் இல்லாததால், ஆறு மாதமும் ஒரே நீளமான பகலாக அவளுக்குத் தெரிந்தது.

"ஒரே ஒரு தடவ நல்லா அலுத்துப்போய் உளுந்து கெடக்கோணுமுங்ணா" என்றாள் ஒருநாள் பட்டறையில்.

மருதாசலம் தகட்டை வெளிச்சத்தில் பிடித்து விரிசல் தேடிக்கொண்டிருந்தார். "பந்தயம் முடியட்டும் அம்மணி. அப்பறம் நீ எப்படி வேணாலும் கெட."

பந்தயம் என்று அவர் சொன்னது அணைக்கட்டைச் சுற்றி நடக்கிற எழுபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டத்தை. கை கால் இழந்தவர்களுக்கென்றே நடத்துவது, பதினைந்து கிலோமீட்டர் சுற்று ஐந்து, காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து மாலை நாலுக்குள் முடிக்க வேண்டும். ஒரு அறக்கட்டளை மருதாசலத்தின் தகட்டைப் பார்த்துவிட்டு, இந்தத் தகடு அந்த ஓட்டத்தில் உடையாமல் நேரத்துக்குள் வந்து சேர்ந்தால், தங்களிடம் பேர் பதிந்து காத்திருக்கிற இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் இதையே செய்து மாட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்திருந்தது. அந்தப் பட்டியலில் நவமணியோடு அந்த நூற்பாலை வேனில் வந்த பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்பது வருஷமாக அவள் உடைத்ததெல்லாம் இதற்காகத்தான். ஊரும் கூடிப் பேசி, அன்றைக்கு முறை கிறை எதுவும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைதானே, நாற்பத்து மூன்று வீடும் துணியை விரித்துப் படுத்துவிடுவோம், நீ கவலைப்படாமல் ஓடு என்று வாக்குக் கொடுத்தது.

ஓட்டம் தொடங்கியபோது அணை மேல் பனி இருந்தது. முதல் சுற்றில் நவமணிக்கு முன்னால் பதினோரு பேர் ஓடினார்கள், இரண்டாவது சுற்றில் நாலு பேர், மூன்றாவதில் யாருமில்லை. அவள் மூச்சு மாறவேயில்லை. மூன்றாவது சுற்றை முடித்துப் பந்தலுக்கு வரும்போது மணி பத்து. நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஆகியிருந்தது. பந்தலோரம் விசிலும் கைதட்டுமாக ஒரு கூட்டம் நின்றது, கையில் தக்காளிச் சோற்றுத் தட்டுகள். ஊத்துப்பாளையம் மூன்று வேன் பிடித்து வந்திருந்தது.

நவமணி கையை ஆட்டிவிட்டு அப்படியே திரும்பி ஓடியிருப்பாள். இரண்டடி வைத்தவள் நின்றாள். எல்லா முகமும் குளித்துப் பொட்டு வைத்து, தெளிவாக, தூங்கி எழுந்த முகமாக இருந்தது.

"ஏனுங் சின்னராசண்ணா, இன்னைக்கு யாரு மொறை?"

"ஊரே மொறைதானம்மணி. பேசுனபடிக்கு."

"ஊரு இங்கதான நிக்குது."

சின்னராசு சிரிக்கப் போனார், சிரிக்காமல் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார். "எங்கூட்டுத் துணிய மட்டும் துளசிமணிகிட்டக் குடுத்து விரிச்சுக்கச் சொல்லிட்டு வந்தன். ஒரு நாளைக்குத்தானேன்னு. நீ ஓடறதக் கண்ணால பாக்கோணும்னு ஆசை."

"எங்கூட்டுதும் அக்காகிட்டத்தான்" என்றாள் பக்கத்தில் நின்றவள். "எங்குளுது மட்டுந்தானேன்னு குடுத்தம்."

எங்கள் வீட்டது மட்டும்தான் என்றார் வாத்தியார், எங்கள் வீட்டது மட்டும்தான் என்றார் கல்யாண வீட்டுக்காரர், பகலில் படுத்தேன் என்று அழுதவளும் அதையே சொன்னாள், எங்கள் வீட்டது மட்டும்தான், எங்கள் வீட்டது மட்டும்தான் என்று பந்தலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார்கள், சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. நாற்பத்திரண்டு வீடு ஆயிற்று. நாற்பத்து மூன்றாவது துளசிமணியின் சொந்தத் துணி. யாரோ அவளுக்கு போன் போட்டார்கள். முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார்கள், மறுபடியும் ஓய்ந்தது.

சின்னராசு தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு வேனை நோக்கி ஓடினார். ஊர் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் நவமணி அடுத்த சுற்றையும் முடித்து, அந்தச் சுற்றையும் துளசிமணிமேல் ஏற்றியிருப்பாள்.

நவமணி தரையில் உட்கார்ந்து காலைக் கழற்றினாள். "ஆறாம் நம்பர் குவளை வண்டில கெடக்குதுங்ளாண்ணா?"

மருதாசலத்துக்குப் புரிந்துவிட்டது. "கெடக்குது. அது உனக்கு லூசும்மணி. கெடந்து ஆடும்."

"சாக்ஸ் நாலு சேத்திப் போட்டுக்கறன்."

"தோலு உரிஞ்சுரும்."

"உரியட்டுங்."

"தகடு இதேதான், அதொண்ணும் பரிசோதனைக்குக் கொறையில்ல. ஆனா உன்னால முடியோணுமல்லோ. இதையே போட்டுட்டு ஓடுனா ஒண்ணரைக்கு முடிச்சுருவ. இருநூத்திப் பன்னெண்டு பேரு காத்துட்டு..."

"அவங்களுக்கெல்லாம் நாப்பத்தி மூணு வூடு இருக்குதுங்ளா?"

மருதாசலம் வண்டிக்குப் போய் ஆறாம் நம்பர் குவளையை எடுத்து வந்தார். ஸ்பேனரை எடுத்து, நாலு போல்ட்டைக் கழற்றி, காடாத் துணிக் குவளையை எடுத்துவிட்டுப் பழைய குவளையைத் தகட்டில் மாட்டினார். அவசரத்தில் ஒரு போல்ட் மண்ணில் விழுந்தது, அதைத் தேடி எடுத்துச் சட்டையில் துடைத்துப் போட்டார். மணி பத்தரை.

எழுந்து நின்றபோது நவமணிக்கு முதலில் வேர்த்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு வந்த வேர்வை கழுத்தில் இறங்குவதை ஒரு நிமிஷம் சும்மா உணர்ந்துகொண்டு நின்றாள். சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷம் நாலு கிலோமீட்டர் தாங்கியது. பிறகு குவளைக்குள் மிச்சக்கால் மேலும் கீழும் இழுபட ஆரம்பித்தது, தோல் சூடாகி, ஈரமாகி, அது வேர்வை இல்லை என்று தெரிந்தது. வெயில் ஏறியது, இடது தொடை கட்டிக்கொண்டது, அவள் முந்தியிருந்தவர்களெல்லாம் மறுபடி அவளைத் தாண்டிப் போனார்கள், ஒற்றைக் கைக்காரர் ஒருவர் தாண்டும்போது தன் தண்ணீர்ப் பாட்டிலை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார், அவள் குடித்தாள், குடித்ததை வாந்தியெடுத்தாள், மைல்கல்லில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தால் எழ மாட்டோம் என்று பயந்து எழுந்தாள், துளசிமணி மூச்சு விடுகிறாளா இல்லையா என்று நினைத்தாள், நினைக்கக்கூட அலுப்பாக இருந்தது, நினைப்பதை விட்டுவிட்டு நடந்தாள்.

கடைசிச் சுற்றில் ஊர் அவளோடு நடந்தது. யாரும் கூப்பிடவில்லை, பந்தலை விட்டு இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாத்தியார் வந்தார், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். "கொஞ்சம் எங்ககிட்டக் குடேன் கண்ணு" என்றாள் பகலில் படுத்து அழுதவள். கொடுக்க இப்போது வழியில்லை. அவள் வலி அவளிடமே இருந்தது, கூட நடந்தவர்களுக்குக் கூட நடந்த அசதி அவரவருக்கு வந்தது. ஐந்தாவது கிலோமீட்டரில் பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் வந்து சேர்ந்தாள். நாலு மணிக்கு எட்டு நிமிஷம் இருந்தது. அறக்கட்டளையின் இன்ஜினியர் அம்மா தகட்டைக் கழற்றித் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்து விளிம்பு விளிம்பாகப் பார்த்தாள், தட்டிக் காதில் வைத்துக் கேட்டாள், ஒரு விரிசலும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கால் தேறிவிட்டது. அதைப் போட்டிருந்தவளைத்தான் இரண்டு பேர் தூக்கி வேனில் ஏற்ற வேண்டியிருந்தது.

ஊரில் துளசிமணி நாற்பத்து மூன்று துணியின் மேல் மல்லாந்து கிடந்தாள். மூச்சு இருந்தது, எழுப்பினால் எழவில்லை. சின்னராசு துணிகளை ஒவ்வொன்றாக அவளுக்கு அடியிலிருந்து உருவி மடித்திருந்தார். இது இன்னார் வீட்டது என்று அவருக்கு நெசவைத் தொட்டாலே தெரியும், தெரியாமல் இருந்தால் தேவலை என்று அன்றைக்குத் தோன்றியது. நர்ஸ் வந்து குளுக்கோஸ் ஏற்றினாள். திங்கட்கிழமை ஊர் தறியை ஓட்டவில்லை. வெட்கமாக இருந்தது, இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றும் இருந்தது. செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்தார்கள்.

நவமணி தூங்கவில்லை. அவள் கேட்ட அசதி வந்திருந்தது, எலும்பு வரைக்கும் வந்திருந்தது, இமை தானாகவே விழுந்தது. விழுந்த மறுகணம் அந்த அமைதி அவளை உலுக்கி எழுப்பியது. கட்டுப் போட்ட மிச்சக்காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு திங்கள் முழுக்கக் கிடந்தாள், செவ்வாய் காலையும் கிடந்தாள். பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே நின்று, உஸ் என்று ஒருவருக்கொருவர் வாயைப் பொத்திவிட்டுப் போனார்கள்.

செவ்வாய் மத்தியானம் துளசிமணி கண்ணைத் திறந்தாள். கஞ்சி கேட்டாள். ஒரு சொம்பு முழுக்கக் குடித்துவிட்டு, "முடிச்சுட்டாளா?" என்றாள். சின்னராசு நடந்ததெல்லாம் சொன்னார், குவளையை மாற்றியதையும் சொன்னார். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். அவள் முகம் சுருங்கிப்போனது.

"பாதி வழியில எறக்கி உட்டுட்டாளே. நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் வந்த எனக்கு மிச்சம் முப்பது வராதா? என்னைய ஒரு வார்த்தை கேட்டாளா?"

துணியைக் கொண்டுவந்து வைத்தவர்களும் அவளைக் கேட்கவில்லை, பாரத்தை எடுத்துக்கொண்டவளும் கேட்கவில்லை. சின்னராசு காலிச் சொம்பை எடுத்து ஓரமாக வைத்தார்.

"செரி, அவ தூங்குனாளா?"

"இல்ல. ரெண்டு நாளாக் கண்ணு மூடுல. ஊரே சத்தமில்லாம இருந்துதான் பாக்கறோம்."

"தறிய நிறுத்திப்போட்டுத் தூங்குன்னா எப்படித் தூங்குவா" என்றாள் துளசிமணி. சுவரைப் பிடித்து எழுந்தாள். வலது காலை இழுத்து இழுத்து வைத்துத் தெருவில் நடந்தாள், குறுக்கே வந்து கைகொடுத்தவர்களை விலக்கினாள், நவமணி வீட்டுச் சுவரை ஒட்டிய குடோனுக்குள் போனாள். மெயின் சுவிட்சைப் போட்டு முதல் தறியை ஓட்டினாள். பிறகு இரண்டாவதை. சுவர் அதிர்ந்தது. மூன்றாவது சேர்ந்தபோது எதிர்க் குடோன்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் தறியைப் போட்டார், அவரைக் கேட்டு அடுத்தவர் போட்டார், தெருவின் கடைசி வரைக்கும் அது போயிற்று.

நாலாவது தறி ஓட ஆரம்பித்தபோது நவமணி தூங்கியிருந்தாள். நாடாவில் நூல் தீர்ந்தால் தறி நின்றுவிடும் என்பதால், துளசிமணி விளக்கு வைக்கிற வரைக்கும் அங்கேயே நின்று நூல் மாற்றிக்கொண்டிருந்தாள்.